ஜோகி கவுடரின் காரெட் தோட்டத்தில் உட்கார்ந்த மலை

ஜோகி கவுடரின் காரெட் தோட்டத்தில் ஒரு மலை வந்து உட்கார்ந்திருப்பதை முதலில் பார்த்தவர் ஜோகி கவுடர்தான், ஆனால் அவர் உடனே யாரிடமும் சொல்லவில்லை, ஏனென்றால் காரொரை ஊரில் காலைக் காப்பி குடிக்காமல் யாரும் யாரிடமும் எதையும் சொல்வது கிடையாது. வீட்டுக்குள் போய் ஒரு காப்பி குடித்து, சந்தேகத்துக்கு இன்னொரு காப்பியும் குடித்து, வெள்ளை முண்டாசை இறுக்கிக் கட்டிக்கொண்டு திரும்ப வந்து பார்த்தார். மலை போகவில்லை. நாலு வீட்டை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் என்ன உயரம் வருமோ அந்த உயரம், மேலெல்லாம் கவாத்து வெட்டாத கிழட்டுத் தேயிலைச் செடிகள், உச்சியில் ஒரு முள்முருங்கை மரம், இடுப்பில் நாற்காலிபோல் ஒரு பாறை, அடியில் இன்னும் காயாத ஈரம். பிடுங்கப் பக்குவமாக நின்ற காரெட்டெல்லாம் அதற்குக் கீழே போயிருந்தது. ஓரத்தில் ஒரே ஒரு வரிசை மட்டும் எப்படியோ தப்பித்து நின்றது.

"சரி, வந்தாச்சு" என்றார் கவுடர்.

அவ்வளவுதான் அவர் ஆச்சரியப்பட்டது. அந்த மலைநாட்டில் யாராவது எங்கிருந்தாவது வந்துகொண்டேதான் இருப்பார்கள். எருமைகளோடு ஆதியிலிருந்தே இருப்பதாகத் தோடர்கள் சொல்வார்கள், கோத்தர்களும் அதையே சொல்வார்கள், இரண்டு பேரில் யார் முதலில் என்று கேட்டால் பேச்சு மழைக்குத் திரும்பிவிடும்; கீழ்ச்சரிவில் தேன் எடுக்கும் குறும்பர்கள் அந்த இருவரையுமே நேற்று வந்தவர்களைப்போலப் பார்ப்பார்கள், மரியாதைக்காக வாயைத் திறக்க மாட்டார்கள்; மைசூர்ப் பக்கத்தில் ஏதோ ஒரு ராஜாவின் தொல்லை பொறுக்காமல் மலையேறி வந்தவர்கள் நாங்கள் என்று கவுடரின் சனமான படுகர்கள் தங்கள் கதையைத் தாங்களே பெருமையாகச் சொல்வார்கள்; பிறகு வெள்ளைக்காரன் வந்தான், குளிர் நன்றாக இருக்கிறதென்று சொல்லித் தேயிலையை நட்டுவிட்டுப் போனான்; தேயிலை இருந்தால் காய்ச்ச ஆள் வேண்டுமே என்று கெட்டிலைத் தூக்கிக்கொண்டு மலையாளி வந்தார்; எல்லோருக்கும் கடைசியில் இலங்கைத் தோட்டங்களிலிருந்து கப்பலிலும் ரயிலிலும் லாரியிலுமாகக் கங்காணி சங்கிலிமுத்துவின் ஆட்கள் வந்தார்கள். மனிதர்கள் இத்தனை பேர் வந்துவிட்ட இடத்துக்கு ஒரு மலையும் வந்தால் என்ன, அதற்கும் கால் இருந்திருக்கும், வந்திருக்கும் என்று ஊர் எடுத்துக்கொண்டது.

சிக்கல் வேறொன்று. காரொரையில் ஒரு வழக்கம் உண்டு. வெளியிலிருந்து வந்தவரிடம் நேராக 'யார் நீ, எதற்கு வந்தாய்' என்று கேட்கக் கூடாது, அது ரொம்பக் கெட்ட பழக்கம். ஊர்க்காரர் ஒருவர் முன்னால் வந்து, 'இது எங்க விருந்தாளி' என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லிவிட்டால் போதும், அதன் பிறகு வந்தவர் வீடு வீடாகக் காப்பி குடித்தே வயிற்றைக் கெடுத்துக்கொள்வார், எத்தனை வருஷம் இருந்தாலும் எப்போது கிளம்புகிறீர்கள் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். ஆனால் சொல்வதற்கு ஆளில்லாத விருந்தாளி என்றால் ஊருக்கே தர்மசங்கடம். அவருக்குக் காப்பியும் கொடுக்க முடியாது, போ என்றும் சொல்ல முடியாது, எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

எனவே ஊர் வானத்தைப் பார்த்துக்கொண்டே மலையைச் சுற்றி வந்தது. மேலே தோடர் குடியிருப்பான மந்திலிருந்து அடியகுட்டன் பூவேலைச் சால்வையைப் போர்த்திக்கொண்டு தன் எருமைகளோடு இறங்கி வந்தார். சுற்று வட்டாரத்தில் உள்ள ஒவ்வொரு சிகரத்துக்கும் அவருக்குப் பெயர் தெரியும், எந்தச் சிகரத்தில் எந்தச் சாமி உட்கார்ந்திருக்கிறது, எந்தச் சாமிக்கும் எந்தச் சாமிக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பதுகூடத் தெரியும். அவர் மலையை நிதானமாகச் சுற்றிவிட்டு, "நம்ம ஆள் இல்லை, பேர் தெரியலை" என்றார். அதற்குள் அவருடைய எருமைகள் மலையின் அடிவாரத்தை நக்க ஆரம்பித்து, தலையை எடுக்கவே மறுத்துவிட்டன. "ஆனா நல்ல உப்பு" என்று சேர்த்துக்கொண்டார். கோத்தர் வீட்டுப் பெண்கள் ஒரு பிடி மண்ணை எடுத்துப் பிசைந்து பார்த்து, இது பானைக்கு ஆகாத வேற்றூர் மண் என்றார்கள். தேன் எடுக்கும் குறும்பர் மூக்கை உயர்த்தி மோந்துவிட்டு, பூ வாசனை நம்முடையது இல்லை என்றார்.

யாருடைய மலை என்று தெரியாவிட்டாலும் அதைப் பயன்படுத்துவதில் யாருக்கும் தடையிருக்கவில்லை. உச்சியில் முள்முருங்கை மரத்தடியில் நின்றால் செல்போனில் சிக்னல் கோடு முழுதாக ஏறுகிறது என்று யாரோ கண்டுபிடித்ததும், அதுவரை கல்யாணச் செய்திக்கும் சாவுச் செய்திக்கும் பஸ் ஏறி டவுனுக்குப் போய்ப் பேசிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் மலையேறி நின்று சத்தம் போட்டார்கள். கண்டக்டர் 'புதுமலை எறங்கு' என்று கூவினார். டீக்கடைப் பாப்பச்சன் மலையைப் பார்த்த மாதிரி இன்னொரு பெஞ்சு போட்டார். அடிவார ஈரத்திலிருந்து பக்கவாட்டில் ஓடிவந்த எட்டுக்கால் பிராணியைப் பார்த்து ஊரே பூச்சி பூச்சி என்று விலகியபோது, கடற்கரையில் பிறந்தவர் அவர் ஒருவர்தான் என்பதால், "அய்யோ, ஞண்டு! கடல் ஞண்டு!" என்று கத்தியவரும் அவர்தான். அந்த நண்டைப் பற்றி அவர் அதற்குமேல் எதுவும் பேசவில்லை, அன்று மத்தியானம் கடையிலிருந்து மட்டும் பிரமாதமான வாசனை வந்தது.

இவ்வளவு நடந்தபோதும் மலைக்குப் பக்கத்தில் வராத ஒரே ஆள் சங்கிலிமுத்து. அரசாங்கத் தேயிலைத் தோட்டத்தில் கங்காணியாக இருந்து ஓய்வுபெற்றவர், மீசை இன்னும் ஓய்வுபெறவில்லை. தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகளில் சண்டையென்றால் தீர்த்துவைப்பது அவர், கூட்டமென்றால் முதலில் பேசுவது அவர், இலங்கையிலிருந்து வந்த நம் சனத்துக்கு இந்த ஊரில் ஒரு மரியாதை இருக்கிறதென்றால் அது கங்காணியின் வாயால் என்று எல்லோரும் ஒத்துக்கொள்வார்கள். அந்த வாய்தான் இப்போது அவருக்கு வினையாக வந்து காரெட் தோட்டத்தில் உட்கார்ந்திருந்தது.

ஏனென்றால், தார்ரோட்டு வளைவில் திரும்பியவுடனே அவருக்குத் தெரிந்துவிட்டது. அந்த நாற்காலிப் பாறை கண்ணில் பட்டது. அவர் பிறந்து வளர்ந்த தோட்டத்தில் தேயிலைக் காடு ஒவ்வொன்றையும் மலை என்றுதான் சொல்வார்கள், ஒன்றாம் நம்பர் மலை, இரண்டாம் நம்பர் மலை என்று. இது ஆறாம் நம்பர் மலை. தோட்டத்திலேயே சின்ன மலை. மத்தியானச் சங்கு ஊதினால் அவருடைய அம்மா கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு அந்தப் பாறையில் உட்கார்ந்து, கோதுமை ரொட்டியைப் பிய்த்து, சம்பலில் தொட்டு, காரத்தை ஊதி ஊதி அவர் வாயில் வைப்பாள். அதையெல்லாம் விட்டுவிட்டுக் கப்பலேறி எத்தனையோ காலமாயிற்று. இப்போது அந்தப் பாறை கவுடரின் தோட்டத்திலிருந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

மலை வந்ததில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. சின்னதாக வந்ததுதான் குறை.

விஷயம் இதுதான். அவர்கள் லாரியில் வந்து இறங்கிய அன்று பேய்மழை. யாரும் முன்னால் வந்து, இவர்கள் எங்கள் விருந்தாளி என்று சொல்லவில்லை, சொல்ல அங்கே யார் இருந்தார்கள், கூட்டி வந்தது அரசாங்கம், அரசாங்கம் லாரியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டது. தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ரோட்டோரத்தில் நனைந்துகொண்டிருந்த கூட்டத்தைக் குடைக்கடியில் நின்று ஒரு வாலிபர் பார்த்தார். அதுதான் அந்தக் காலத்து ஜோகி கவுடர். வழக்கத்தை மீறி, "யாரு நீங்கல்லாம்? யார் கூட்டிட்டு வந்தா?" என்று கேட்டார். எல்லோரும் வானத்தைப் பார்த்தார்கள். அப்போதுதான் மீசை முளைத்திருந்த சங்கிலிமுத்துவுக்கு அழுகை வந்தது, அழக்கூடாது என்று வைராக்கியமும் வந்தது, எதிரில் மேகத்துக்குள் நின்ற தொட்டபெட்டா மலையைக் கையால் காட்டி, "இதெல்லாம் ஒரு மலையா? எங்க ஊர்ல ராசாமலைன்னு ஒண்ணு இருக்கு, அது இதை மடியில தூக்கி வச்சிக்கும்" என்றார்.

அன்றைக்குச் சொன்னது அவ்வளவுதான். ஆனால் கவுடர் அதை விடவில்லை. மறுவாரம் டீக்கடையில், "உங்க ராசாமலையில அருவி உண்டா?" என்று கேட்டார், உண்டு என்று சொல்லவேண்டியதாயிற்று. அருவி வந்ததும் யானை வந்தது, யானைக்குக் காடு வந்தது, காட்டுக்குள் வெள்ளைக்காரத் துரை ஒருவன் குதிரையோடு வழிதவறி நரைத்த தாடியோடு வெளியே வந்தான். தேயிலை விலை விழுந்த வருஷங்களில் ராசாமலை அதிகமாக வளர்ந்தது. லயன் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் யாராவது ஏளனமாகப் பேசினால் அந்த வாரம் ஒரு சிகரமே கூடிவிடும். கவுடரும் சும்மா இருக்கவில்லை, அவர் பங்குக்குத் தன் முன்னோர்களைத் துரத்தி வந்த ராஜாவின் படையைப் பெரிதாக்கிக்கொண்டே போனார். இரண்டு பேரும் இப்படியே கிழவர்களானார்கள். ஒருவரில்லாமல் ஒருவருக்குக் காலை டீ இறங்காது.

இப்போது டீக்கடையில் அத்தனை தலையும் சங்கிலிமுத்துவின் பக்கம் திரும்பியது. தோடர் இல்லையென்றாயிற்று, கோத்தர் இல்லையென்றாயிற்று, குறும்பரும் படுகரும் இல்லையென்றாயிற்று, பாப்பச்சனுக்கு மலையே கிடையாது, கடல்தான். மீதி யார்?

கவுடர் டீயை ஆற்றிக்கொண்டே மெதுவாக ஆரம்பித்தார். "கங்காணி, கேட்கிறேன்னு தப்பா நினைக்காதீங்க. ஒருவேளை உங்க ராசாமலையா இருக்குமோ?"

"கவுடரே, என்ன பேச்சு பேசுறீங்க!" சங்கிலிமுத்து மீசையைத் தடவினார். "எங்க மலை வந்து ஒக்காந்தா காரொரை இருக்குமா? கோயம்புத்தூர் இருக்குமா? இது ஏதோ மேடு. எங்க மலைக்கு இது குந்துற பலகைக்கும் ஆகாது."

அந்த நேரம் பார்த்து மலையிலிருந்து ஒரு சின்னக் கல் கிளம்பி, தோட்டத்தைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, பஸ்ஸுக்கு வழிவிட்டு, டீக்கடை வாசலில் வந்து நின்றது. எல்லோரும் கல்லைப் பார்த்தார்கள். சங்கிலிமுத்து பாக்கி டீயை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

வீட்டில் பூவாயி அவருக்காகக் காத்திருந்தாள். பூவாயி அவர் பெண்டாட்டி, அதே தோட்டத்தில் அதே ஆறாம் நம்பர் மலையில் கொழுந்து பறித்தவள். இத்தனை வருஷமாக ராசாமலையின் அருவியையும் யானையையும் துரையின் தாடியையும் காதால் கேட்டு, ஒரு வார்த்தை மறுத்துப் பேசாதவள். மண்சட்டியில் ரொட்டி வெந்துகொண்டிருந்தது.

"யாருக்கு இவ்வளவு ரொட்டி?" என்றார்.

"வந்திருக்கிறவங்களுக்கு."

"யார் வந்திருக்கா?"

"ஏங்க, எனக்குக் கண்ணு போயிருச்சின்னு நெனச்சீங்களா?" பூவாயி ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். "ஆத்தா ஒக்காந்த கல்லு அந்தா இருக்கு. நான் தேனீ கொட்டி வீங்கிப்போய் அழுத எடம் அந்தா இருக்கு. கடலு தாண்டி வந்திருக்கு அது. ஒரு வாய் தண்ணி குடுத்தீங்களா? எங்க ஆளுன்னு ஒரு சொல்லு சொன்னீங்களா?"

"சொன்னா கவுடர் சிரிப்பாரு பூவாயி. ஊரே சிரிக்கும். இவ்வளவு காலம் இதைத்தான் ராசாமலைன்னு சொன்னானான்னு. அப்புறம் லயத்துப் பஞ்சாயத்துல எவன் என் பேச்சைக் கேப்பான்?"

"அது எவ்வளவு தூரத்துல இருந்து வந்திருக்கு. வர்ற வழியெல்லாம் யாரு கேட்டாலும் 'சங்கிலிமுத்து வீட்டுக்குப் போறேன்'னுதானே சொல்லியிருக்கும்?" என்று சொல்லிவிட்டு, ரொட்டியைத் துணியில் கட்டிக்கொண்டு, சம்பல் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அவள் படியிறங்கிப் போனாள். ஊருக்குள் யாருடைய விருந்தாளி என்று தெரியாத ஒன்றுக்குச் சோறு கொடுக்கக்கூடாதென்ற வழக்கத்தைப் பூவாயி மீறினாள் என்று யாரும் சொல்லவில்லை. ஒரு கிழவி மலைமேல் உட்கார்ந்து ரொட்டி தின்றாள், பாதியைப் பாறையில் வைத்துவிட்டு வந்தாள் என்றுதான் சொன்னார்கள்.

அடுத்து வந்தவர் வருவாய் ஆய்வாளர். சமவெளிக்காரர், குரங்குக் குல்லாய்க்கு மேல் மப்ளரும் கட்டியிருந்தார். மலையைப் பார்த்ததும் அவருக்கும் ஆச்சரியமில்லை, அவருடைய உத்தியோகத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான்.

"ஆக்கிரமிப்பு" என்றார். "பட்டா நிலத்துல அனுமதியில்லாம வந்து உட்கார்ந்திருக்கு. யாரோடது இது?"

ஊர் வானத்தைப் பார்த்தது.

"யாரோடதுன்னா அவங்ககிட்டப் பேசிக்கலாம். நில உடமைக்காரர் சம்மதிச்சா இருந்துட்டுப் போகட்டும், எனக்கென்ன. யாரோடதும் இல்லைன்னா வெள்ளிக்கிழமை ஜேசிபி வரும். மண்ணை அள்ளி ரோட்டுக்குப் போட்டுடலாம், ரோடும் குண்டும் குழியுமாத்தான் இருக்கு." அவர் சங்கிலிமுத்துவைப் பார்த்தார். "பெரியவரே, நீங்க சிலோன்லருந்து வந்தவர்தானே? உங்க பக்கத்துதா?"

"எனக்குத் தெரியாதுங்க சார்" என்றார் சங்கிலிமுத்து. சொல்லும்போது மலையின் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். முதுகில் ஈரக்காற்று ஒன்று வந்து பட்டது. தேயிலையும் உப்பும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறியதும், சளி பிடித்திருக்கிறது என்று சொல்லித் துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். ஜோகி கவுடர் அதைப் பார்த்தார். வழக்கமாக இந்த மாதிரி ஒரு சந்தர்ப்பம் கிடைத்தால் விடாத மனிதர், அன்றைக்கு ஏனோ தன் முண்டாசை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. ஜேசிபி மஞ்சளாக வந்து நின்றது. லயனிலிருந்து வந்தார்கள், படுகர்களின் ஊரான அட்டியிலிருந்து வந்தார்கள், மந்திலிருந்து எருமைகளோடு அடியகுட்டன் வந்தார், எருமைகள் நேராக அடிவாரத்துக்குப் போய் நக்கத் தொடங்கின. கோத்தர்கள் மேளத்தையும் குழலையும் எடுத்து வந்திருந்தார்கள், வந்ததை வரவேற்க வாசிப்பதா போவதை வழியனுப்ப வாசிப்பதா என்று தெரியாமல் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார்கள். உச்சியில் நின்று போன் பேசிக்கொண்டிருந்தவரை, சம்பந்தி பேச்சைச் சீக்கிரம் முடிக்கச் சொல்லிக் கீழே இறக்கினார்கள். பூவாயி மட்டும் இறங்கவில்லை. நாற்காலிப் பாறையில் உட்கார்ந்து புடவைத் தலைப்பால் தலையை மூடிக்கொண்டிருந்தாள்.

"அந்தம்மா யாரு? எறங்கச் சொல்லுங்க" என்றார் ஆய்வாளர். பிறகு, முறைப்படி கேட்டாகவேண்டும் என்பதால், தொண்டையைக் கனைத்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்து உரக்கக் கேட்டார்: "யாருது இது? யார் கூட்டிட்டு வந்தா?"

மழை இல்லை. நல்ல வெயில். ஆனால் சங்கிலிமுத்துவுக்குத் தலையில் தகரப் பெட்டியின் பாரம் தெரிந்தது, சட்டைக்குள் தண்ணீர் ஓடியது, பக்கத்தில் அம்மா குளிரில் பல் கிட்டிப்போய் நின்றாள். அதே கேள்வி. அன்றைக்கும் இதே மாதிரிதான் எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சிரிக்கட்டும், என்று அவர் நினைத்தார். இனிமேல் சாகிறவரைக்கும் சிரித்துக்கொண்டே இருக்கட்டும்.

"எங்க மலைங்க சார்" என்றார்.

குரல் சின்னதாக வந்ததால் மறுபடி சொன்னார். "எங்க மலை. எங்க விருந்தாளி. என்னைத் தேடித்தான் வந்திருக்கு."

ஜேசிபியை டிரைவர் நிறுத்திவிட்டார், நல்ல இடத்தில் வசனம் காதில் விழாமல் போய்விடக்கூடாதென்று. லயன் ஆட்கள் தரையைப் பார்த்தார்கள். அட்டி ஆட்கள் ஜோகி கவுடரைப் பார்த்தார்கள். பாப்பச்சன் கெட்டிலைக் கீழே வைத்தார். யானையும் அருவியும் துரையும் குதிரையுமாகக் கேட்ட அந்த ராசாமலை இதுதான், நாலு வீட்டு உயரம், இதுதான் தொட்டபெட்டாவை மடியில் வைத்துக்கொள்ளும் மலை. இப்படி ஒரு நாளுக்காகத்தான் கவுடர் இத்தனை காலம் டீ ஆற்றிக்கொண்டிருந்தார். அவர் வாய் திறந்தது. சங்கிலிமுத்து கண்ணை மூடிக்கொண்டார்.

"ராசாமலையா?" என்றார் கவுடர்.

"ஆமாங்க கவுடரே."

கவுடர் மலையை மேலிருந்து கீழ்வரை பார்த்தார், கீழிருந்து மேல்வரை பார்த்தார். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பி, ஏதோ எல்லோரும் அவரிடம் மல்லுக்கு நிற்பதுபோலக் கோபமாகச் சொன்னார்:

"தேயாதா? கேட்கிறேன், தேயாதா? எங்கே இருக்குது சிலோன்! கடல்ல எறங்கி நடந்து வந்திருக்குது. உப்புத் தண்ணியில ஊறி ஊறி வந்தா எந்த மலைதான் தேயாது? நான் பஸ்ல கோயம்புத்தூர் போய்ட்டு வந்தாலே வேட்டி லூசாகிருது. அடியகுட்டா, நீ சொல்லு, உப்பு இருக்குதா இல்லையா?"

"எருமை பொய் சொல்லாது" என்றார் அடியகுட்டன்.

"ஞண்டும் உண்டாயிருந்து" என்றார் பாப்பச்சன், சாட்சிக்கு நண்டு இப்போது இல்லாததை நினைத்துக் கொஞ்சம் வருத்தத்தோடு.

"கேட்டுக்குங்க" என்றார் கவுடர். "அருவியெல்லாம் வர்ற வழியில கொட்டியிருக்கும். யானைக்கு நீச்சல் தெரியும், அது வேற பக்கம் கரை ஏறியிருக்கும். துரை கெழவன், செத்திருப்பான். மிச்சம் இவ்வளவாவது வந்து சேந்துதே, அதைப் பாருங்க!"

ஊர் அதைப் பார்த்தது. யாராவது ஒருவர் சிரித்திருந்தால் எல்லோரும் சிரித்திருப்பார்கள், ஆனால் கவுடரின் முகத்தைப் பார்த்தபின் யாருக்கும் தைரியமில்லை, கொஞ்சநேரத்தில் சிரிக்க வேண்டிய விஷயம் எதுவென்பதே மறந்துபோயிற்று. கடலில் நடந்தால் தேயத்தான் செய்யும். கோத்தர் ஒருவர் மேளத்தைக் கக்கத்திலிருந்து எடுத்தார்.

ஆய்வாளர் மப்ளரைச் சரிசெய்துகொண்டார். "அதெல்லாம் சரி. உங்க காரெட் தோட்டத்துல உட்கார்ந்திருக்கே, நீங்க சம்மதிக்கணுமே?"

"நானா?" கவுடர் சங்கிலிமுத்துவைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்தார். அன்றைக்கு லாரி வந்து நின்ற இடத்தைப் பார்த்தார். "முன்னாடி ஒரு தடவை வந்தவங்களை நிக்க வச்சே பேசிட்டேன் சார். மழை வேற. கையில குடை இருந்துது, அதுல ரெண்டு பேர் நிக்கலாம். ஒக்காருங்கன்னு சொல்லத் தெரியலை அப்ப." முண்டாசு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருக்கும் சளி பிடித்திருந்தது போலிருக்கிறது. "இது தானாவே ஒக்காந்துருச்சு. இருக்கட்டும்."

மேளம் அடித்தது, குழல் ஊதியது, ஜேசிபி டிரைவர் இறங்கி ஆடிவிட்டுப் போனார். வீட்டுக்கு வீடு காப்பி வந்தது. மலையின் அடியில் ஊற்றினார்கள், மலை எல்லாவற்றையும் குடித்தது. சங்கிலிமுத்து மூச்சு வாங்க வாங்கப் பாறைவரை ஏறினார். பாறையைக் கையால் தடவிக்கொண்டே நின்றார், மீசையெல்லாம் நனைந்துபோகும்படி அழுதார். பூவாயி ரொட்டியைப் பிய்த்துச் சம்பலில் தொட்டு நீட்டினாள்.

"கொஞ்சம் தள்ளி ஒக்காருங்க" என்றாள். "கவுடரும் ஏறி வர்றாரு."

அதன்பிறகு டீக்கடையில் ராசாமலை மறுபடியும் வளர ஆரம்பித்தது, இந்தத் தடவை அதை வளர்த்தது ஜோகி கவுடர். வெளியூர்க்காரர் யார் வந்தாலும் பெஞ்சில் உட்காரவைத்து, அது புறப்பட்டபோது எவ்வளவு பெரிதாக இருந்தது, நடுக்கடலில் எப்படி மூச்சுத் திணறியது என்றெல்லாம் அவரே சொல்வார், சங்கிலிமுத்து அடக்கமாகத் தலையாட்டுவார். எருமைகள் தினமும் வந்தன. போனில் கோடு குறையவில்லை.

இப்போதெல்லாம் தேயிலை பறிக்க ஜார்க்கண்டிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். அப்படி வந்த ஒரு கூட்டம் ஒரு நாள் பிற்பகல் மழையில் பஸ்ஸை விட்டு இறங்கி, பெட்டி படுக்கையோடு ரோட்டோரத்தில் நின்றது. ஜோகி கவுடர் குடையோடு ஓடினார், சங்கிலிமுத்து சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடினார், எல்லோரையும் கடைக்குள் கூட்டி வந்து, "எங்க விருந்தாளி, டீ போடுங்க" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். இடுப்பில் குழந்தையோடு இருந்த சுக்மணி என்ற பெண்ணுக்கு மட்டும் தமிழ் கொஞ்சம் தெரிந்திருந்தது. டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நீர் சொட்டச் சொட்ட, எதிரே தெரிந்த மலையைக் கொஞ்சநேரம் பார்த்தாள். பிறகு தலையை நிமிர்த்திக்கொண்டாள்.

"எங்க ஊர்ல ஒரு மலை இருக்கு" என்றாள். "இது மாதிரி பத்து மடங்கு."

இரண்டு கிழவர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அருவி உண்டாம்மா?" என்று கேட்டார் சங்கிலிமுத்து.

அவள் ஒரு கணம் யோசித்தாள். "உண்டு" என்றாள்.

ஜோகி கவுடர் டீயை அப்படியே வைத்துவிட்டு மழையில் இறங்கி, தன் மேல் தோட்டத்தில் விதைக்க மண்ணைக் கிளறிக்கொண்டிருந்த ஆட்களைப் பார்த்துக் கையை ஆட்டிக் கூவினார்.

"டேய், அந்த எடத்துல இந்தத் தடவை எதுவும் போட வேண்டாம்! சும்மா விடுங்க!"